“மிகாமல்... குறையாமல்!” – இங்கிலீஷ் வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் வேலி

இங்கிலீஷில் ஒரு வகை வாக்கியம் உண்டு. அதில் ஆள் இருக்க மாட்டார். ஆனால் கட்டளை இருக்கும். கூடவே ஓர் அளவும் இருக்கும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது. ஓட்டு உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஜெயில் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. நமது அரசியல் சட்டத்தில் பல பக்கங்களில் இருக்கிறது.

அந்த வாக்கியத்தை அவசரத்தில் தவறாகப் படித்தால், மருந்து விஷமாகலாம். கிடைக்கவேண்டிய உரிமை கிடைக்காமல் போகலாம். சரியாகப் படித்தால், அதுவே நமக்குக் காவல்.

அந்த வாக்கியத்தை எப்படிப் படிப்பது? இலக்கணப் புத்தகம் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆள் எங்கே?

“பாலைக் காய்ச்ச வேண்டும்” என்று வீட்டில் சொல்கிறோம். யார் காய்ச்சவேண்டும்? அதைச் சொல்வது இல்லை. கேட்பவருக்கே தெரியும். அம்மாவோ, அக்காளோ, அடுப்படியில் நிற்கும் அப்பாவோ காய்ச்சுவார்கள். தமிழில் ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும்.

இங்கிலீஷில் அப்படி முடியாது. சாதாரணமாக, வாக்கியத்தின் தலையில் யாராவது ஒருவர், அல்லது ஏதாவது ஒன்று நின்றே ஆகவேண்டும். ஆளைச் சொல்ல விருப்பம் இல்லை என்றால், பாலையே தூக்கித் தலையில் வைப்பார்கள். “மில்க் மஸ்ட் பீ பாயில்டு” என்பார்கள். “பால் காய்ச்சப்பட வேண்டும்” என்பது அதன் நேர்ப் பொருள்.

இதைத்தான் செயப்பாட்டு வினை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடையாளம் சுலபம். “பீ” என்ற சிறு சொல் வரும். அதற்குப் பின்னால் “டேக்கன்”, “கிவன்”, “கெப்ட்” போன்ற ஒரு சொல் வரும். எடுக்கப்படும், கொடுக்கப்படும், வைக்கப்படும் என்று பொருள்.

எனவே முதல் கேள்வி இது: இந்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் ஆள் யார்? மருந்துக் காகிதம் என்றால், அந்த ஆள் நீங்கள். சட்டம் என்றால், அந்த ஆள் போலீசாராக இருக்கலாம்; நீதிபதியாக இருக்கலாம்; சர்க்காராகவும் இருக்கலாம்.

எவ்வளவு கண்டிப்பு?

“பீ” என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு சிறு சொல் நிற்கும். அதுதான் வாக்கியத்தின் குரல். அந்தக் குரல் அதட்டுகிறதா, யோசனை சொல்கிறதா, அனுமதி கொடுக்கிறதா என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

“மஸ்ட் பீ” – கட்டாயம் செய்தாகவேண்டும்.

“ஷல் பீ” – சட்டத்தில் இதுவும் கட்டாயம். சட்டத்தின் கட்டளைக் குரல் இது.

“ஷுட் பீ” – செய்வது நல்லது, செய்யவேண்டும். டாக்டரின் குரல் இது.

“மே பீ” – செய்யலாம், அனுமதி உண்டு.

“கேன் பீ” – செய்ய முடியும்.

இவற்றோடு “நாட்” சேரும்போதுதான் கவனம் வேண்டும். “மஸ்ட் நாட் பீ” என்றால் செய்யவே கூடாது. “நீட் நாட் பீ” என்றால் செய்யவேண்டிய அவசியம் இல்லை. செய்தாலும் குற்றம் இல்லை. “கூடாது” என்பதும் “தேவை இல்லை” என்பதும் ஒன்று அல்லவே! இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

எனவே இரண்டாவது கேள்வி: குரல் எப்படி? கட்டளையா, யோசனையா, அனுமதியா?

எதைவிட?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. எதோடு ஒப்பிடுகிறார்கள்?

தமிழில் ஒப்பிடுவது எளிது. “அண்ணனைவிடத் தம்பி உயரம்” என்கிறோம். “உயரம்” என்ற சொல் மாறுவது இல்லை. “விட” என்ற சொல்லே வேலையை முடித்துவிடுகிறது. “காட்டிலும்” என்றும் சொல்லலாம்.

இங்கிலீஷில் சொல்லே மாறும். “டால்” என்றால் உயரம். “டாலர்” என்றால் இன்னும் உயரம். அமெரிக்கப் பணம் அல்ல! நீளமான சொற்களுக்கு முன்னால் “மோர்” என்று சேர்ப்பார்கள். பிறகு “தேன்” என்று வரும். இது நாம் குடிக்கும் தேன் அல்ல. நமது “விட” என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் சகோதரன்.

“தேன்” என்ற சொல் தராசு முள் போன்றது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு. அந்தப் பக்கம் ஒரு தட்டு. அந்தப் பக்கத்துத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது.

ஒப்பிடுவதையே சொல்லும் வாக்கியங்களும் உண்டு. “இதயத்தை ஒரு பம்புக்கு ஒப்பிடலாம்” என்பதை இங்கிலீஷில் “கேன் பீ கம்பேர்டு டு” என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று பொருள். “இந்த ஊர் மழை அளவை அந்த ஊர் மழை அளவோடு ஒப்பிடலாம்” என்றால், “கேன் பீ கம்பேர்டு வித்” என்பது வழக்கம். இங்கே ஒற்றுமையும் பார்க்கிறோம், வேற்றுமையும் பார்க்கிறோம். இப்போது பலர் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். அதனால் ஆபத்து எதுவும் இல்லை.

ஆபத்து இருப்பது அளவுகளில்தான். அதற்கு வருவோம்.

எட்டு மாத்திரைக் கணக்கு

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் மாத்திரை சாப்பிடாத வீடு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரையைப் பற்றி இங்கிலாந்தில் பெரியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை இதுதான்: 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு “மேல்” எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலீஷில் இதை “நாட் மோர் தேன்” என்று எழுதுவார்கள்.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள்.

“மோர் தேன் எயிட்” என்றால் 8 சேராது. 9-ல் இருந்துதான் கணக்கு.

“நாட் மோர் தேன் எயிட்” என்றால் 8 வரை போகலாம். 8 சேரும். 9 கூடாது.

“லெஸ் தேன் எயிட்” என்றால் 7 வரைதான். 8 சேராது.

“நாட் லெஸ் தேன் எயிட்” என்றால் 8-ல் இருந்து மேலே. 8 சேரும்.

“நாட்” என்ற ஒரு சொல் விட்டுப்போனால், வேலி இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடும்.

தமிழில் இதற்கு அழகான இரண்டு சொற்கள் இருக்கின்றன. “நாட் மோர் தேன்” என்பதற்கு “மிகாமல்” என்று சொல்லுங்கள். “நாட் லெஸ் தேன்” என்பதற்கு “குறையாமல்” என்று சொல்லுங்கள். எட்டுக்கு மிகாமல். எட்டுக்குக் குறையாமல். குழப்பமே வராது.

மாத்திரைக் கணக்கில் இன்னும் மூன்று கவனிப்புகள் உண்டு.

ஒன்று: “24 மணி நேரத்தில்” என்றுதான் சொல்லியிருக்கிறது. “ஒரு நாளில்” என்று சொல்லவில்லை. நள்ளிரவு 12 மணி அடித்ததும் புதுக் கணக்குத் தொடங்கிவிடாது.

இரண்டு: ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே “குறைந்தது” 4 மணி நேரம் இருக்கவேண்டும். இதுவும் “குறையாமல்” கணக்குதான். 5 மணி நேரம் ஆனால் தப்பு இல்லை. 3 மணி நேரம் ஆனால் தப்பு.

மூன்று: 8 என்பது 500 மில்லிகிராம் மாத்திரைக்கு மட்டும். எட்டு மாத்திரை சேர்ந்தால் 4,000 மில்லிகிராம். அதுதான் பெரியவர்களுக்கு வேலி. நமது ஊர்க் கடைகளில் 650 மில்லிகிராம் மாத்திரையும் கிடைக்கிறது. அதில் 8 சாப்பிட்டால் 5,200 ஆகிவிடும், வேலி தாண்டிவிடும். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். ஈரல் கெடுவது முதலில் வெளியே தெரியாமலும் இருக்கும். ஈரல் நோய் உள்ளவர்களுக்கும், உடல் எடை குறைந்தவர்களுக்கும் வேலி இன்னும் கிட்டத்தில் இருக்கும். குழந்தைகளுக்கு அளவு முற்றிலும் வேறு. இவர்களுக்கெல்லாம் டாக்டர் சொல்லும் அளவுதான் அளவு.

இன்னொரு மருந்து ஆஸ்பிரின். டாக்டர் சொன்னால் ஒழிய, 16 வயதுக்கு “உட்பட்ட” பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் எச்சரிக்கிறார்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய் என்ற அபூர்வ நோய் வரலாம் என்பதே காரணம். “அண்டர் சிக்ஸ்டீன்” என்றால் 16-வது பிறந்த நாள் வரும்வரை என்று பொருள். 15 வயதும் 11 மாதமும் ஆன பையனும் அந்த வேலிக்குள்தான் இருக்கிறான்.

பதினெட்டு நிறைந்தால்...

மருந்துக் காகிதத்தை விட்டுச் சட்டப் புத்தகத்துக்கு வருவோம். அங்கேயும் இதே வாக்கியங்கள்தான். நமது அரசியல் சட்டம் 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி அமலுக்கு வந்தது. அதை இங்கிலீஷில்தான் எழுதினார்கள்.

அதன் 326-வது பிரிவு ஓட்டு உரிமையைப் பற்றியது. 18 வயதுக்குக் “குறையாத” குடிமக்கள் வாக்காளராகப் பதிவு செய்யப்பட உரிமை உள்ளவர்கள் என்பது அதன் சாரம். முன்பு இந்த வயது 21 ஆக இருந்தது. 1989-ம் ஆண்டு அமலுக்கு வந்த 61-வது திருத்தம் அதை 18 ஆக்கியது.

இங்கே குரல் “ஷல் பீ”. கட்டளைக் குரல். அனுமதி கேட்கவேண்டியது இல்லை. ஒப்புச் சொல் “நாட் லெஸ் தேன்”. அதாவது 18 சேரும். “பதினெட்டுக்கு மேல்” என்று பேச்சில் சொல்கிறோம். அப்படிப் பார்த்தால் 19 ஆகும்வரை காத்திருக்கவேண்டும்! சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகுதி நாளில் 18 நிறைந்திருந்தால் போதும். சட்டம் சொல்லும் மற்றத் தடைகள் எதுவும் இல்லை என்றால், பெயர் பதிவாகவேண்டும்.

24-வது பிரிவு குழந்தைகளைப் பற்றியது. 14 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையும் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, வேறு ஆபத்தான வேலையிலோ அமர்த்தப்படக் கூடாது என்கிறது. யார் அமர்த்தக் கூடாது? ஆளைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் எல்லோரையும் அது கட்டுகிறது. முதலாளி ஆனாலும் சரி, காண்ட்ராக்டர் ஆனாலும் சரி, சொந்தக்காரர் ஆனாலும் சரி. ஆள் இல்லாத வாக்கியத்தின் பலம் இதுதான்!

கைதானால் எத்தனை நேரம்?

22-வது பிரிவு கைது செய்யப்பட்டவரைப் பற்றியது. அதில் இரண்டு வகை ஒப்பு இருக்கிறது.

கைதுக்கான காரணத்தை “எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்” சொல்லவேண்டும் என்கிறது ஒரு பகுதி. இது ரப்பர் மாதிரி அளவு. இழுத்தால் நீளும்.

அடுத்த பகுதி அப்படி இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள், “மிக அருகில்” உள்ள மாஜிஸ்திரேட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. இது மரப்பலகையால் செய்த அளவு. இழுத்தால் நீளாது. எதிரி நாட்டவருக்கும், தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கும் இது பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

சட்டத்தைப் படிக்கும்போது, ரப்பர் எது, பலகை எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். எண் இருந்தால் பலகை. எண் இல்லாமல் “முடிந்தவரை” என்று இருந்தால் ரப்பர்.

ஏழு ஆண்டுக்குக் குறையாமல்

தண்டனைச் சட்டத்திலும் இந்த இரண்டு வேலிகளும் இருக்கின்றன.

1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டுக்கு 3 ஆண்டு “வரை” ஜெயில் தண்டனை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தது. மேலே மட்டும் வேலி. கீழே வேலி இல்லை. நீதிபதி 3 மாதமும் கொடுக்கலாம். தண்டனை உண்டு என்று சொல்லும் இடத்தில் “ஷல் பீ”. 3 ஆண்டு வரை போகலாம் என்று சொல்லும் இடத்தில் “மே”. ஒரே வாக்கியத்தில் இரண்டு குரல்!

வரதட்சணைச் சாவுக்கு அப்படி இல்லை. 1986-ம் ஆண்டு அதற்கு என்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். அதில் தண்டனை 7 ஆண்டுக்குக் “குறையாமல்” இருக்கவேண்டும். ஆயுள் தண்டனை வரை போகலாம். இங்கே கீழேயும் ஒரு வேலி. 6 ஆண்டு கொடுக்க முடியாது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி பழைய சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதிலும் வரதட்சணைச் சாவுக்கு இந்த 7 ஆண்டு வேலி அப்படியே இருக்கிறது.

மகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு “நாட் லெஸ் தேன்” என்ற மூன்று சொற்கள் எவ்வளவு பெரியவை என்று எண்ணிப்பாருங்கள்.

அன்று இருந்த தண்டனை, இன்று வந்த தண்டனை

கடைசியாக, மிகப் பெரிய வாக்கியம். அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவில், முதல் பகுதியில் அது இருக்கிறது. தமிழில் அதன் பொருள் இது:

குற்றம் நடந்த அன்று அமலில் இருந்த சட்டப்படி எவ்வளவு தண்டனை விதித்திருக்கலாமோ, அதைவிடப் பெரிய தண்டனைக்கு யாரையும் ஆளாக்கக் கூடாது.

மூன்று கேள்விகளையும் கேட்டுப்பாருங்கள். ஒளிந்திருக்கும் ஆள் யார்? சர்க்காரும் கோர்ட்டும். குரல் எப்படி? கட்டளை. எதைவிட? “கிரேட்டர் தேன்” என்று தராசு முள் நிற்கிறது. அந்தப் பக்கத்துத் தட்டில் “மைட் ஹேவ் பீன்” என்று வருகிறது. “அன்று விதித்திருக்கலாம்” என்று பொருள். உண்மையில் விதித்த தண்டனை அல்ல. விதித்திருக்கக்கூடிய தண்டனை.

இது வெறும் இலக்கணமா? இல்லை. இதை வைத்து வழக்கே நடந்தது.

மேற்கு வங்காளத்தில் 1947-ம் ஆண்டு ஒரு மோசடிக் குற்றம் நடந்தது. 1949-ம் ஆண்டு அங்கே புதுச் சட்டம் வந்தது. மோசடியில் பெற்ற தொகைக்குச் சமமான அபராதமும் கூடுதலாக விதிக்கவேண்டும் என்று அது சொன்னது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1953-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. குற்றம் நடந்தபோது இல்லாத கூடுதல் அபராதத்தை விதிக்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். “கிரேட்டர் தேன்” என்ற வேலி நின்றது.

சரி, பின்னால் வந்த சட்டம் தண்டனையைக் குறைத்தால்? 1964-ம் ஆண்டு அதுவும் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பஞ்சாபில் 16 வயதுப் பையன் ஒருவன். 6 மாத ஜெயில் தண்டனை பெற்றவன். அதற்குப் பிறகுதான் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் அவனுடைய பகுதியில் அமலுக்கு வந்தது. இளம் குற்றவாளிகளை ஜெயிலுக்கு அனுப்பாமல் திருத்த வழி செய்யும் சட்டம் அது. அந்தச் சலுகை அவனுக்கும் பொருந்தும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

காரணம் புரிகிறதா? வாக்கியம் தடுப்பது “பெரிய” தண்டனையை மட்டும். சிறிய தண்டனையை அது தடுக்கவில்லை. வேலி ஒரு பக்கத்துக்குத்தான். மறுபக்கம் இரக்கத்துக்கு வழி திறந்திருக்கிறது.

இது நமது நாட்டு வேலி மட்டும் அல்ல. 1948-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி ஐக்கிய நாடுகள் சபை பாரிஸ் நகரில் மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 11-வது பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது. அங்கே “கிரேட்டர்” என்ற சொல்லுக்குப் பதில் “ஹெவியர்” என்று இருக்கிறது. அதிகக் கனமான தண்டனை கூடாது என்று பொருள்.

வீட்டிலேயே பழகுங்கள்

வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டி ஒன்றை எடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். “பீ” என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நிற்பது “மஸ்ட்”டா, “ஷுட்”டா, “மே”யா என்று கேளுங்கள். பிறகு “தேன்”, “அண்டர்”, “பிலோ”, “அபவ்” போன்ற ஒப்புச் சொல் எங்கே என்று பாருங்கள்.

யார்? எவ்வளவு கண்டிப்பு? எதைவிட?

கடன் பத்திரம், வேலை உத்தரவு, இன்சூரன்ஸ் காகிதம் எதுவானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் புரியவில்லை என்றால், தெரிந்தவரிடம் காட்டி, “மிகாமலா, குறையாமலா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளே உட்கார்ந்து யோசித்த கேள்வி அது!